பானையின் வியர்வையும் பாட்டிலின் வியர்வையும்

சித்திரை மாதத்து நண்பகலில் பாளையங்கோட்டையின் ஏதாவதொரு பெட்டிக்கடை முன்னால் நின்றால் காதில் விழும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, கூலிங்கா என்ன இருக்கு?" என்பதுதான். என்ன பானம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கடைக்காரர் கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு பவண்டோவை எடுத்து வைக்கிறார். வைத்த அரை நிமிடத்தில் பாட்டில் மங்கலாகிறது. இன்னொரு நிமிடத்தில் முத்து முத்தாக நீர் கோத்து வழிகிறது. வாங்கியவருக்குத் திருப்தி. வேர்த்து வழியும் பாட்டில்தான் நல்ல கூலிங் என்பது ஊரறிந்த கணக்கு.

அதே கடையின் ஓரத்தில், ஆற்று மணல் பரப்பிய மேடையில், குழாய் வைத்த மண்பானை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுவும் வேர்த்திருக்கும். பானை வேர்த்தால் தண்ணீர் குளிரும் என்பதும் ஊரறிந்த கணக்குதான்.

இரண்டாவது கணக்கு சரி. முதலாவது தவறு. பானை வேர்ப்பதால் குளிர்கிறது. பாட்டில் வேர்ப்பதால் சூடாகிறது. பார்ப்பதற்கு ஒரே ஈரம், செய்யும் வேலை நேர் எதிர். குளிர்ந்த பானத்தை எதைக் கொண்டு போர்த்துவது என்ற கேள்விக்குத் தாமிரபரணிக் கரையில் கிடைக்கும் அத்தனை பதில்களும், சரியானவையும் தப்பானவையும், இந்த ஒரு வித்தியாசத்தில்தான் வந்து முட்டுகின்றன.

வெளிநாடுகளில் இதற்கென்றே ஒரு உறை உண்டு. பீர் டப்பாவுக்காகப் பிறந்தது அது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் 1970களில் குட்டி பீர் பாட்டிலை நுரைப் பிளாஸ்டிக் குவளைக்குள் சொருகிக் குடிக்கும் பழக்கம் பரவியது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸ் கம்பெனி ஒன்று 'கூஸி' என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிந்து விற்றது. தேநீர்ப் பாத்திரத்துக்கு ஆங்கிலேயர் போர்த்தும் துணித்தொப்பிக்கு 'கோஸி' என்று பெயர். கூஸி அதன் பேரப்பிள்ளை. இன்று பெரும்பாலான உறைகள் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில் வருகின்றன. அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1930இல் கண்டுபிடித்த இந்த ரப்பரை நுரைக்க வைத்தால் உள்ளே ஆயிரக்கணக்கான காற்றுக் குமிழ்கள் அடைபடும். கடலில் முக்குளிப்பவர்கள் அணியும் உடையும் லேப்டாப் உறையும் இதே சரக்குதான். திருநெல்வேலிக் கடைகளில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. கேட்டால் "பாட்டில் கவர்" என்பார்கள்; எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்கான பை.

இந்த உறை என்னதான் செய்கிறது? வெளிச்சூடு உள்ளே போகாமல் தடுக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி பதில். மீதியைக் கண்டு சொன்னவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியல் பேராசிரியர்கள் டேல் டுரானும் டார்கன் ஃபிரியர்சனும். முதல் சோதனையை அவர்கள் நடத்தியது ஒரு வீட்டுக் குளியலறையில். ஹீட்டர் வைத்துச் சூடேற்றி, ஈரம் நிரப்பி, குளிர்ந்த டப்பா எவ்வளவு வேகத்தில் சூடாகிறது என்று அளந்தார்கள். பிறகு ஆய்வகத்தில் முறையாகச் செய்து 2013 ஏப்ரலில் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் வெளியிட்டார்கள். டப்பாவின் மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு நீர் கோத்தாலே உள்ளிருக்கும் பானம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் சூடாகிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. ஈரப்பதம் மிகுந்த ஊரில், காற்றின் சூட்டால் டப்பா வெதுவெதுப்பாவதைவிட அதன் மேல் கோக்கும் நீரால் வெதுவெதுப்பாவதே அதிகம். உறையின் தலையாய வேலை டப்பாவை வேர்க்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றார்கள்.

காரணம் பள்ளிக்கூடப் பாடம். ஒரு கிராம் தண்ணீர் நம் ஊர்ச் சூட்டில் ஆவியாக வேண்டுமானால் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டுதான் அது கிளம்புகிறது. அந்த ஆவி வேறெங்கோ போய் மறுபடி நீராகும்போது, கொண்டுபோன 580 கலோரியையும் இறங்கிய இடத்தில் இறக்கி வைக்கிறது. பானையின் மேலிருந்து நீர் கிளம்புகிறது. பாட்டிலின் மேல் வந்து இறங்குகிறது. 330 மில்லி டப்பா ஒன்றின் மேல் மூன்று கிராம் நீர், அதாவது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாக, கோத்துவிட்டால் பானம் 5 டிகிரி ஏறிவிடும். கடையில் பெருமையாகப் பார்க்கப்படும் அந்த முத்து முத்தான நீரெல்லாம் குளிர் செலவான கணக்கு. கைக்குட்டையால் துடைத்துவிட்டாலும் போன குளிர் திரும்பாது. துடைத்த இடத்தில் மறுபடி நீர் கோக்கும்.

பானைக் கணக்கை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பத்து லிட்டர்ப் பானைத் தண்ணீரை 8 டிகிரி இறக்க எண்பதாயிரம் கலோரியை வெளியேற்றியாக வேண்டும். அதற்கு ஆவியாக வேண்டிய நீர் சுமார் 140 கிராம். ஒரு டம்ளர்கூட நிரம்பாது. கரண்ட் செலவில்லை, வாயு நிரப்பத் தேவையில்லை, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். மண் தன் துளைகள் வழியே ஒரு டம்ளர் தண்ணீரைக் கசியவிட்டு, மிச்சப் பத்து லிட்டரையும் குளிர வைத்துவிடுகிறது.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் ரயில் பாதையில் சேரன்மகாதேவிக்கு அடுத்த நிறுத்தம் காருகுறிச்சி. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் நாகஸ்வர மேதை அருணாசலத்தை நினைவூட்டும். உள்ளூர்க்காரர்களுக்கு அது பானை ஊர். வேளார் குடும்பங்கள் குளத்து மண்ணை எடுத்து, மணல் கலந்து மிதித்து, சக்கரத்தில் ஏற்றி, சூளையில் வைத்துச் சுடுகிறார்கள். அந்த மணலிலும் சூட்டிலும்தான் ரகசியம். நிறைய சூடு கொடுத்துக் கெட்டியாக்கினால் துளைகள் அடைபட்டுவிடும். குறைவாகச் சுட்டால் பானை நிற்காது. இரண்டுக்கும் நடுவே, கசியவும் வேண்டும், ஒழுகவும் கூடாது. பீங்கான் ஜாடி குளிராது. பெயின்ட் அடித்து, வார்னிஷ் பூசி, பூவேலை செய்து இப்போது சந்தைக்கு வரும் அழகுப் பானைகளும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கிவிட்டு "மண்பானைத் தண்ணி முன்ன மாதிரி இல்ல" என்று குறைபட்டுக்கொள்பவர்கள் மேல்பூச்சைத்தான் குறை சொல்ல வேண்டும்.

பழைய பானை குளிராமல் போவதற்கும் காரணம் உண்டு. கசிந்த நீர் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த உப்பு போகாது. அது துளைகளில் படிந்து படிந்து வழியை அடைக்கும். ஆற்றுத் தண்ணீர் ஊற்றிய பானையைவிட உப்புத் தண்ணீர் போர்க் குழாய்ப் பானை சீக்கிரமே கைவிடுவது இதனால்தான். பானைக்கு அடியில் மணல் பரப்புவதும் சும்மா அழகுக்கல்ல: சொட்டும் நீரை மணல் பிடித்துவைத்து, அடிப்பாகத்தையும் ஈரமாகவே வைத்திருக்கிறது. சுற்றிலும் ஈரச்சாக்கைக் கட்டுவதும் அதே உத்தி. மேற்பரப்பு கூடக் கூட ஆவியாகும் நீரும் கூடும்.

இந்த வட்டாரத்துக்கும் பானைக்குமான உறவு பழசு என்பதைச் சொல்ல ஆதிச்சநல்லூர் போதும். 1876இல் ஜெர்மானியர் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியெடுத்த தாழிகள் தாமிரபரணிக் கரை மண்ணில் வனைந்தவை. அருகிலுள்ள சிவகளையில் தாழி ஒன்றுக்குள் கிடைத்த நெல்மணிகளை ஆய்ந்து, அவற்றின் காலம் கி.மு. 1155 என்று தமிழக அரசு 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தது. அந்தக் காலத்தவர் குடிதண்ணீரை எதில் வைத்துக் குளிர்வித்தார்கள் என்று எந்தத் தாழியும் எழுதி வைக்கவில்லை. ஆனால் சுட்ட மண்ணில் தண்ணீரை ஊற்றி வைத்தவர்களுக்கு அது குளிர்வது தெரியாமல் இருந்திருக்க முடியாது. நெல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்; அதன் உமி மறுபடி வரும்.

பானைக்கு ஒரு எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எவ்வளவு இறங்குமோ அதற்குக் கீழே எந்தப் பானையும் இறங்காது. அது காற்றின் உலர்ச்சியைப் பொறுத்தது. 38 டிகிரி வெயில், காற்றில் 35 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் அந்த எல்லை 26 டிகிரிக்கு அருகில் நிற்கும். பாளையங்கோட்டை வெயிலுக்கு இது பொருத்தமான உதாரணம். ஆறு போய்க் கடலைச் சேரும் புன்னைக்காயல், தூத்துக்குடிப் பக்கத்துக்கு 33 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்று எடுத்துக்கொள்ளலாம். வெயில் குறைவு, ஆனால் எல்லையோ 28 டிகிரிக்கு மேல். கடற்கரைக்காரர்கள் நெல்லைக்கு வந்தால் பானைத் தண்ணீர் இங்கே கூடுதலாகக் குளிர்கிறது என்பது வெறும் ஊர்ப்பெருமைப் பேச்சல்ல. ஆனி, ஆடியில் குற்றாலத்திலும் பாபநாசத்திலும் சாரல் அடிக்கும்போது, மலையில் மழையை இறக்கிவிட்டுச் சமவெளிக்கு இறங்கும் மேல்காற்று உலர்ந்து வேகமாக வீசுகிறது. அம்மியையே பறக்கவிடும் அந்தக் காற்றில் ஈரப்பானை வைத்தால் அதைவிடக் கொண்டாட்டம் பானைக்கு வேறில்லை.

ஆனால் 26 டிகிரியை யாரும் இப்போது "ஜில்" என்று சொல்வதில்லை. ஃபிரிட்ஜ் 5 டிகிரியில் கொடுத்துப் பழக்கிவிட்டது.

ஈரத்தால் குளிர்விக்கும் உத்தியை உறையாகவே தைத்து மாட்டியவர்கள் ராணுவத்தார். பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் எனாமல் தண்ணீர் பாட்டிலுக்குக் கம்பளித் துணியில் ஒரு உறை இருக்கும். பாட்டில் உடையாமல், சத்தம் போடாமல் இருக்க என்பது ஒரு காரணம். கிளம்பும்போது உறையை நனைத்துவிட்டால் நடைக்காற்றில் உலர உலரத் தண்ணீர் குளிரும் என்பது இன்னொன்று. ராஜஸ்தானத்தில் லாரிகளின் முன்பக்கம் தொங்கும் கேன்வாஸ் தண்ணீர்ப் பையும் இதே வம்சம். குஜராத்தின் வான்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி களிமண்ணிலேயே அலமாரி போலச் செய்து 'மிட்டிகூல்' என்று விற்பதும் இதே வம்சம்தான். அதில் காய்கறி வாடாமல் இருக்கும், ஐஸ்கிரீம் நிற்காது.

பானை முதல் மிட்டிகூல் வரை சொன்னவை எல்லாம் ஈர உறைகள். ஈர உறைக்குப் பானமும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால்தான் வேலை. ஃபிரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் வெளியே வந்த பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றினால் என்ன ஆகும்? துணியும் குளிர்ந்துபோகும். குளிர்ந்த துணியின் மேல் காற்றிலிருக்கும் ஆவி வந்து இறங்கும். ஈரத்துணியிலிருந்து நீர் கிளம்புவதற்குப் பதில் அதன் மேல் நீர் சேரும். தண்ணீர் காற்றைவிட நல்ல வெப்பக் கடத்தி என்பதால் துணி தன் காற்றுப் பைகளையும் இழந்து, போர்வையாகவும் உதவாமல் போகும். பானைக்குச் செய்து பழகிய கை, பாட்டிலுக்கும் அதையே செய்கிறது. கல்யாண வீட்டு ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை ஈரத்துண்டில் சுற்றிக் கொடுப்பவர்களின் நல்ல மனதில் சந்தேகமில்லை. பௌதிகம் அவர்கள் பக்கம் இல்லை.

உலர் உறையின் கலையும் இந்த ஊருக்குப் புதிதல்ல. அது பானத்துக்குப் பதிலாக ஐஸுக்குப் போனது.

ஐஸ் இந்தியாவுக்கு முதலில் வந்ததே உலர் உறையின் புண்ணியத்தில். 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஏரிப் பனிக்கட்டியோடு கிளம்பியது. நான்கு மாதம் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து கல்கத்தா வந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. அனுப்பிய ஃபிரடெரிக் டியூடர் கையாண்ட போர்வை மரத்தூள். மரமறுக்கும் ஆலைகள் குப்பையென்று கொட்டிய பொருள் அது. சென்னை மெரினாவில் அவர் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான், பிற்காலத்தில் விவேகானந்தர் 1897இல் தங்கிச் சென்று இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம். மரத்தூள் செய்யும் வேலையை நெல் விளையும் நாட்டில் உமி செய்தது. ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றி உமியிலோ மரத்தூளிலோ புதைத்து வைப்பது சர்பத் கடைக்காரர்களும் மீன் வியாபாரிகளும் தலைமுறையாகக் கைக்கொண்ட முறை. உமி லேசானது, படகு போல வளைந்த அதன் ஒவ்வொரு துணுக்கும் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்திருக்கும், எளிதில் மக்காது. நனைந்தால் மட்டும் அதன் குணம் கெட்டுப்போகும். அதனால்தான் உமியை அடிக்கடி மாற்றுவார்கள், ஐஸ் உருகிய நீர் வடிய வழி வைப்பார்கள். சிவகளைத் தாழியில் நெல்மணி மூவாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்தது; அதன் உமிக்கு ஒரு பகல் ஐஸைக் காப்பது பெரிய வேலையில்லை.

இன்னொரு உலர் உறை, யாரும் உறை என்று நினைக்காதது, வாழைமட்டை. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கு அடுத்து கண்ணில் படுவது வாழைதான். மட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரம் சதுரமாகக் காற்றறைகள் வரிசை கட்டி நிற்கும். அட்டைப் பெட்டியின் நெளிவு மடிப்புகளுக்கும் இதற்கும் உருவத்தில் அதிக வித்தியாசமில்லை. பூக்கடைக்காரர்கள் பூவையும், ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் வெற்றிலையையும் வாழையில் பொதிவது வெறும் சிக்கனமல்ல. உள்ளே ஈரம், வெளியே காற்றறை: இரண்டையும் ஒரே மட்டை தருகிறது. குளிர்பான பாட்டிலை இதில் சுற்றிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாவிட்டாலும், சுற்றினால் வேலை செய்யும் என்பதை மட்டையின் வெட்டுமுகமே சொல்கிறது. என்ன, மூன்று நாளில் சருகாகிவிடும்.

பனையைச் சொல்லாமல் இந்தச் சீமையைப் பற்றி எழுத முடியாது என்பதால் சொல்லிவிடலாம். பதநீரை, தெற்கத்திப் பேச்சில் பயினியை, யாரும் குளிர வைத்துக் காப்பதில்லை. கலயத்தில் தடவும் சுண்ணாம்பு அது புளிக்காமல் இருக்க மட்டும்தான். விடியலில் இறக்கியதை விடியலிலேயே ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்துவிடுவதே அதற்கான ஒரே குளிர்சாதனம். மணப்பாட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகளிலும் கூடைகளிலும் அழகுண்டு, உறுதியுண்டு. ஓலை மெலிதாக இருப்பதால் குளிரைக் காக்கும் திறன் குறைவு.

சோடாக் கம்பெனிகளின் வரலாற்றில் உறைக்கு இடமே இல்லை என்பது கொஞ்சம் வியப்புதான். விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோ தென்மாவட்டங்களில் இன்றும் பன்னாட்டுப் பானங்களோடு தோளுரசி நிற்கிறது. ஆனால் குளிரைக் காக்கும் பொறுப்பை எந்தக் கம்பெனியும் பாட்டிலின் மேல் வைக்கவில்லை; கடையின் கண்ணாடி ஃபிரிட்ஜின் மேல் வைத்தது. கடையிலேயே நின்று குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலைத் திருப்பித் தரும் வழக்கம் இருந்த வரை அது போதும். கனத்த கண்ணாடிப் பாட்டில் தானே கொஞ்சம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய அலுமினியத் தகடும் பெட் பாட்டிலும் வந்து, வாங்குபவர் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறத் தொடங்கிய பிறகுதான் குளிர் வழியில் காணாமல் போகிறது.

தாமிரபரணிக்கும் குளிர்பானத்துக்கும் உள்ள பெரிய வழக்கு வேறு. கங்கைகொண்டான் சிப்காட்டில் இயங்கும் கோலா நிரப்பும் ஆலைகளுக்கு ஆற்றுநீர் கொடுப்பதை எதிர்த்து எழுந்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மார்ச் முதல் தேதியிலிருந்துதான் தமிழக வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. யாருடைய தண்ணீர் என்ற கேள்வி உறையைவிடப் பெரிது. இந்தக் கட்டுரையின் கைக்குள் அடங்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். குடிக்கும் பானத்தில் பெரும்பகுதி அந்த ஆற்றுத் தண்ணீர் என்றால், கூடவே விற்கப்படுவது குளிர். அந்தக் குளிருக்குக் கரண்ட் பில் கட்டுவது கடைக்கார அண்ணாச்சி. வாங்கியவர் கையில் அது பத்து நிமிடத்தில் வேர்த்துப் போகிறது.

பிளாஸ்டிக் யுகத்தின் உறை தெர்மாகோல். குளிரைக் காப்பதில் அதற்கு மலிவான போட்டியாளர் இல்லை; நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றுதான். தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்றதும் யாருக்கும் 2017 ஏப்ரலில் வைகை அணை நினைவுக்கு வரும். நீர் ஆவியாவதைத் தடுக்க அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு மிதக்கவிட்ட அட்டைகள் காற்றில் கரை ஒதுங்கியதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்து முடித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தெர்மாகோலை மிதக்கவிட்டது தவறான இடம், சரியான இடம் மீன் பெட்டி. தூத்துக்குடியில் இறங்கும் மீன் வெளியூர் போவது இந்தப் பெட்டிகளில்தான். ஆனால் ஒரு முறை குடித்துவிட்டு எறியும் தெர்மாகோல் குவளையை 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்துவிட்டது. அதை யாரும் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. உடைந்தால் மணி மணியாகச் சிதறி வாய்க்காலில் மிதக்கும் பொருளை ஆற்றங்கரை ஊர் எவ்வளவு குறைவாக வைத்துக்கொள்கிறதோ அவ்வளவு நல்லது.

எல்லாவற்றையும் ஓரங்கட்டும் சாதனம் ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. 1892இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டிவார் செய்த இரட்டைச் சுவர்க் குடுவையின் வழிவந்த ஃபிளாஸ்க். இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றே இல்லை. வெப்பம் கடக்கப் பாதை இல்லை. காலேஜ் பிள்ளைகள் தூக்கித் திரியும் எவர்சில்வர் ஃபிளாஸ்க் பாட்டிலில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வெளியே ஒரு சொட்டு வேர்க்காது. வேர்க்காதது ஏன் நல்லது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அதற்குள் பானத்தை ஊற்ற வேண்டும். பாட்டிலோடு வைக்க முடியாது. காஸ் நிரம்பிய பவண்டோவை ஃபிளாஸ்கில் ஊற்றினால் பாதி காஸ் ஊற்றும்போதே போய்விடும். அங்கேதான் உறைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சரி, எவ்வளவு கனம் வேண்டும்? கடைகளில் விற்கும் நியோப்ரீன் உறை பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டர். 35 டிகிரி வெயிலில் 5 டிகிரிப் பாட்டிலுக்கு அதை மாட்டினால் உறையின் வெளிப்பரப்பு 16 டிகிரிப் பக்கம் நிற்கும் என்று கணக்கு வருகிறது. பாளையங்கோட்டையின் உலர்ந்த நாளிலும் 20 டிகிரிக்குக் கீழே போன பரப்பில் நீர் கோக்கத் தொடங்கும். தூத்துக்குடியில் 26, 27 டிகிரியிலேயே கோக்கும். ஆக, அமெரிக்கக் கடற்கரைக்குத் தைத்த மெல்லிய உறை நம் ஊரில் தானும் கொஞ்சம் வேர்க்கும். வெறும் பாட்டிலைவிட எவ்வளவோ மேல்தான், ஆனாலும் முழு வைத்தியமல்ல. கடற்கரை ஈரத்தில் வேர்வையை முற்றிலும் நிறுத்த வேண்டுமானால் நல்ல தெர்மாகோலில் ஒரு சென்டிமீட்டர் கனமாவது வேண்டும். பருத்தித் துண்டில் அதே வேலைக்கு அதைவிடக் கனமாக, மூன்று நான்கு சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும்.

இங்கேதான் பத்தமடைக்கு ஒரு யோசனை சொல்லத் தோன்றுகிறது. சேரன்மகாதேவியை ஒட்டிய அந்த ஊரின் கோரைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. பட்டுப் போல மடியும் நேர்த்தியான பாய்தான் அதன் பெருமை. உறைக்கு அது உதவாது: மெலிதாகக் கிழித்த கோரையில் காற்றுக்கு இடமில்லை. உதவக்கூடியது, மதிப்பில் தாழ்ந்ததாகச் சொல்லப்படும் முரட்டுக் கோரை. தண்டின் உள்ளே பஞ்சு போலச் சோறு இருக்கும். அதில் முழுக்கக் காற்று. அதை இரண்டு அடுக்காகப் பாட்டில் அளவுக்கு முடைந்து, உள்ளே மெழுகுத் துணி வைத்துத் தைத்தால் உள்ளூர்ப் பாட்டில் கவர் தயார். கைப்பை, மேசை விரிப்பு என்று ஏற்கெனவே புதுப்பொருள்கள் செய்யும் கைகளுக்கு இது பெரிய வேலையல்ல. தண்ணீர் பட்டால் வெயிலில் காய வைக்க வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு.

அதுவரை வீட்டிலிருக்கும் துண்டே போதும். ஆனால் எந்தத் துண்டு என்பது எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு லிட்டர் பாட்டிலை வெறுமையாகப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் அது 20 டிகிரியைத் தொட்டுவிடும். உலர்ந்த, கனமான துண்டில் இறுகச் சுற்றியிருந்தால் 12, 13இல் நிற்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கதை மாறும்: உலர்ந்த துண்டுக்குள்ளும் பாட்டில் மெல்ல மெல்ல வெளிச்சூட்டை நோக்கி 30ஐ நெருங்கும். அப்போது துண்டை நனைத்து ஜன்னலோரம் காற்று படும்படி வைத்தால், நம் பழைய பானைக் கணக்குப்படி 26, 27க்கு இறக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே பாபநாசத்துக்கோ திருச்செந்தூருக்கோ போகிறவர்கள் துண்டை உலர்ந்தே சுற்றுங்கள். சென்னை வரை பகல் பஸ்ஸில் போகிறவர்கள் நான்கு மணி நேரம் தாண்டியதும் அதை நனைத்துக்கொள்ளுங்கள்.